ஸ்கொட்லாந்துப் பிரபுவின் கலியாணப் பேச்சு

எங்கள் அச்சகத்தில் புத்தகம் கட்டுகிற இயந்திரம் சூடாகும் வரைக்கும் முதலில் வருகிற பிரதிகள் ஒழுங்காக இருக்காது. பசை வழியும், அட்டை சரிந்து நிற்கும், சிலவேளை ஒரு கட்டுத் தாளே விடுபட்டுப் போகும். அதுகளை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போடுவது என் வேலை. போடுவதற்கு முன் ஒன்றை எடுத்து என் சாப்பாட்டுப் பைக்குள் வைப்பதும் என் வேலை என்று நானே வைத்துக்கொண்டேன். அச்சுக்காரன் கார்ஸ்டனுக்கு அது தெரியும். "சவிரி, இன்றைக்கு எதைப் படிக்கப் போகிறாய்?" என்று டேனிஷில் கேட்பான். நான் அட்டையைக் காட்டுவேன். சிரித்துக்கொண்டு தன் இயந்திரத்துக்குப் போய்விடுவான்.

நான் எழுத்துப் படித்தது பிந்தித்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்புவோடு கடலுக்குப் போனேன். டென்மார்க்குக்கு வந்து தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான், வளர்ந்தவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிற வகுப்புக்குப் போய் டேனிஷ் எழுத்தைப் பிடித்தேன். பிறகு என் மனுசி மேரிகிறேஸ் குசினி மேசையில் வைத்துத் தமிழ் எழுத்தைச் சொல்லித் தந்தாள். முதலில் டேனிஷ், பிறகு தமிழ். கேட்கிற சனம் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்பவும் கோடு கீறுகிற அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்றுதான் வாசிப்பேன். நாள் முழுக்கப் பெட்டி தூக்கிய முதுகு, இருந்து வாசிக்கும்போதுதான் கொஞ்சம் ஆறும்.

இப்படியே பன்றிகளுக்கு வருகிற நோய் வருத்தங்களைப் பற்றி வாசித்தேன். ஒரு பாதிரியாரின் வாழ்க்கையைப் பாதி வாசித்தேன். போன மாரியில் வந்ததுதான் அந்த ஸ்கொட்லாந்துப் புத்தகம். முந்நூறு நானூறு வருசத்துக்கு முந்தி ஸ்கொட்லாந்துப் பிரபுக்கள் பேசிய அரசியல் பேச்சுகளை யாரோ டேனிஷில் மொழிபெயர்த்து எங்களிடம் அச்சுக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்த பிரதியில் கடைசிக் கட்டுத் தாள் இல்லை.

கோப்பி நேரத்தில் கார்ஸ்டன் கதையைச் சொன்னான். இங்கிலாந்தில் அரசர் ஒரு பக்கம், பாராளுமன்றம் மற்றப் பக்கம், உள்நாட்டு யுத்தம் என்று அவன் தொடங்க, "யுத்தம் எனக்கு விளங்கும், அதை விடு. பேச்சைப் பற்றிச் சொல்லு" என்றேன். ஸ்கொட்லாந்துக்காரர் வடக்கிலிருந்து லண்டனுக்கு வந்து பேசுவார்களாம். பேசிய கையோடு அது அச்சாகித் தெருவில் விற்குமாம். மற்றப் பக்கம் பதில் பேச, அதுவும் அச்சாகுமாம். "சிலது பேசவே படாத பேச்சு. அச்சில் மட்டும் இருக்கும். சனம் அதையும் வாங்கி வாசித்தது" என்றான்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பிரபுவை எனக்குப் பிடித்துப் போனது. அவருடைய பேரை என் நாக்கால் சொல்ல ஏலாது. இரண்டு பகுதியையும் சமாதானப்படுத்த வந்தவர், ஒரு பக்கம் முழுக்க இரண்டு பேருக்கும் மரியாதை சொல்லியே முடிக்கிறார். எங்கள் விழாக்களில் "தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே" என்று தொடங்குகிற மாதிரியே இருந்தது. நான் தனியே இருந்து சிரித்தேன்.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. சில்க்போர்க்கில் எங்கள் தமிழ்ச் சங்கம் இரண்டாக உடைந்ததே ஒரு பேச்சால்தான். ஆண்டு விழாவில் அப்போதைய தலைவர் தவராஜா அண்ணை பேசத் தொடங்கினார். றோல்ஸ் ஆறியது, தேத்தண்ணி ஆறியது, பிள்ளைகள் நித்திரையாகிவிட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. அப்போது ஒலிபெருக்கிப் பொறுப்பு அந்தோனிதாசன். அவன் என் மனுசியின் தம்பி, என் மச்சான். திடீரென்று மைக் செத்துப் போனது. "பற்றறி முடிஞ்சுது" என்றான். பற்றறி அன்று காலை வாங்கியது என்று எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு தவராஜா அண்ணையின் பழைய சங்கம், அந்தோனிதாசனின் புதிய சங்கம். இரண்டு பொங்கல். ஒரே மைதானத்தில் இரண்டு விளையாட்டுப் போட்டி. ஒரு பகுதி துண்டுப்பிரசுரம் அடித்தால் மற்றது மறுப்பு அடிக்கும். இரண்டையும் எங்கள் அச்சகத்தில்தான் அடித்தார்கள், நான் நிற்கிறபடியால் விலை குறைவு. இரண்டையும் மடித்துக் கட்டியவன் நான்தான். ஆனபடியால் அந்த லண்டன் தெரு எனக்கு நன்றாகவே விளங்கியது.

இந்த ஊரில் இரண்டு விளையாட்டுப் போட்டிக்கும் போய்வந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று என் மகள் துஷாரா. மற்றது தவராஜா அண்ணையின் மகன் ரஜிதன். கலியாணம் பேசி வந்தபோதுதான் ஏன் போனார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது.

கலியாணத்தில் யாருக்கும் குறையில்லை. எங்கள் மாதா கோயிலில் மோதிரம் மாற்றுவதற்கும் பிறகு ஐயர் வந்து தாலி கட்டுவதற்கும் இரண்டு வீட்டாரும் சம்மதம். பிரச்சினை விருந்து மண்டபத்தில் வந்தது.

"மாப்பிள்ளையின்ர தேப்பன் நான். முதல் பேச்சு நான்தான் பேசவேணும். அதில மாற்றமில்லை" என்றார் தவராஜா அண்ணை.

இதைக் கேள்விப்பட்ட அந்தோனிதாசன் வீட்டுக்கே வந்துவிட்டான். "அத்தான், அந்த மனுசன் மைக்கைத் தொட்டால் நான் எழும்பிப் போயிடுவன். தாய்மாமன் இல்லாமல் நடத்துங்கோ, நல்லாயிருக்கும்."

"டேய், உன்ர மருமகளின்ர கலியாணமடா" என்றாள் மேரிகிறேஸ்.

"அக்கா, கலியாணத்துக்கு வாறன். பேச்சுக்கு இருக்க ஏலாது. அவர் பேசி முடிக்க இவளுக்குப் பிள்ளை பிறந்திடும்."

துஷாரா சிரிக்கவில்லை. நான் மாறி மாறி வேலைக்கு ஓடிய காலத்தில் அவளை நீந்தப் பழகக் கூட்டிக்கொண்டு போனது அந்தோனிதாசன். சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியதும் அவன்தான். மாமா எழும்பிப் போகிற கலியாணம் அவளுக்குக் கலியாணமில்லை. அவன் போன பிறகு அவள் டேனிஷில் சொன்னாள்: "அப்பா, டேனிஷ் கலியாணத்தில் முதல் பேசுவது பொம்பிளையின் அப்பா. அது முறை. நீங்கள் பேசுங்கோ."

"நானோ? விசரே உனக்கு?"

"முறை என்று சொன்னால் இரண்டு பேரும் வாயே திறக்க மாட்டினம்" என்று இப்போது தமிழில் சொன்னாள். "நீங்கள் ஏதாவது பேசி, அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் எழும்பிப் போக மனம் வராமல் செய்யுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

அவள் சொன்னபடியே நடந்தது. டேனிஷ் முறை என்றதும் இரண்டு பேரும் அடங்கினார்கள். இரண்டாவது பேச்சு யாருக்கு என்பதை டோஸ்ட்மாஸ்டர் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி வைத்தோம். இங்கே விருந்து என்றால் பேச்சு, பாட்டு எல்லாவற்றையும் வரிசைப்படுத்த அப்படி ஒருவர் இருப்பார். துஷாராவின் சிநேகிதி மெட்டெ அந்தப் பொறுப்பை எடுத்திருந்தாள்.

நான் சந்தியில் நாலு பேருக்கு முன்னாலேயே குரல் உயர்த்திக் கதைத்ததில்லை. பெட்டி அடுக்கும்போதெல்லாம் அதே யோசினை. அப்போதுதான் என் பிரபு நினைவுக்கு வந்தார். சண்டைக்காரர் இரண்டு பேருக்கு நடுவில் நின்று எப்படிப் பேசுவது என்று அவருக்குத்தானே தெரியும். அவர் போன வழியில் நானும் போனால் என்ன?

அடிமட்டத்தை வைத்து அவர் பேச்சைத் திரும்பத் திரும்ப வாசித்து, என் சொல்லில் தமிழில் எழுதினேன். மேரிகிறேஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"இஞ்சேருங்கோ, நல்லாயிருக்கு. ஆனா இதில அரசர், சபை எண்டு கிடக்கு. அரசர் ஆர்? என்ர தம்பியோ, சம்பந்தியோ?"

"அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறன்."

"கள்ளன்" என்றாள். எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு என் தலையில் ஒரு குட்டுப் போட்டாள்.

ரஜிதன் அதை டேனிஷுக்கு மாற்றினான். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் டேனிஷ் என்று அச்சடித்து, மண்டபத்தில் ஒவ்வொரு கோப்பைக்கும் பக்கத்தில் வைப்பது என்று முடிவெடுத்தேன். என் தொண்டை நடுவில் அடைத்துக்கொண்டால் சனம் தாங்களே வாசித்து முடிக்கட்டும் என்ற நினைப்பு. கார்ஸ்டனிடம், ஒரு மூச்சுக்கு ஒரு வரி, நாலு வரிக்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி விடு, அங்கே நான் தண்ணி குடிப்பேன் என்று சொன்னேன். அவனும் நல்ல தடித்த தாளில் அழகாக அடித்து, நடுவில் மடித்துத் தந்தான்.

"ஒன்று மட்டும் கவனம்," என்றான் அவன். "அந்த அரசருக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லாதே."

"என்ன நடந்தது? என்னுடைய பிரதியில் கடைசிக் கட்டு இல்லையே."

கார்ஸ்டன் விரலைத் தன் கழுத்தில் வைத்து இழுத்துக் காட்டினான்.

கலியாணம் ஆனி மாதத்தில், ஏரிக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில். வெளியே நல்ல வெயில். யன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. இடது கைப்பக்கம் பழைய சங்கம், வலது கைப்பக்கம் புதிய சங்கம். ரஜிதன் வேலை செய்கிற முதியோர் இல்லத்து டேனிஷ்காரர்களையும் கார்ஸ்டன் குடும்பத்தையும் நடுவில் இருத்தியிருந்தாள் துஷாரா. இரண்டு பகுதிக்கும் நடுவில் நிற்கிற ஸ்கொட்லாந்து வேலையை அவர்கள் அறியாமலே செய்துகொண்டிருந்தார்கள்.

தவராஜா அண்ணை கறுத்தக் கோட்டோடு என் பக்கத்தில் வந்தார். மடித்த தாள் கையில்.

"சவிரி, வாசிச்சனான். நல்ல எழுத்து. இதில அரசர் எண்டு சொல்லுறது... என்னைத்தானே?"

"ஓம் அண்ணை" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். நான் தண்ணி குடிக்கக் குசினிப் பக்கம் போக, அந்தோனிதாசன் வாசலில் மறித்தான்.

"அத்தான், என்னை ராசா ஆக்கிப்போட்டியள்."

"விளங்கினால் சரி மச்சான்."

"ஆனா ஒண்டு, அந்தாள் எழும்பினா நானும் எழும்புவன். சொல்லிப்போட்டன்."

சாப்பாடு தொடங்கியது. டேனிஷ்காரர்கள் கரண்டியால் கிளாசில் தட்டினார்கள். தட்டினால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் எழும்பி முத்தம் கொடுக்கவேண்டும், அது அவர்களின் வழக்கம். முதல் தரம் எங்கள் சனம் கோழிக்கறிக்குள் தலையைக் குனிந்தது. மூன்றாம் தரம் தவராஜா அண்ணையின் மனுசி தவமணி அக்காவே கரண்டியைத் தூக்கிவிட்டா.

மெட்டெ மைக்கைப் பிடித்தாள். "இப்போது பொம்பிளையின் அப்பா!"

நான் எழும்பினேன். அடிமட்டத்தைத் தாளில் வைத்தேன். முதல் வரி கண்ணுக்குத் தெரிகிறது, வாய் திறக்குது இல்லை. துஷாரா கையைப் பிசைந்துகொண்டு என்னையே பார்க்கிறாள். இடது பக்கம் தவராஜா அண்ணை உதவிக்கு வரத் தயாராகக் கதிரையில் முன்னால் சரிகிறார். அதைக் கண்டு வலது பக்கம் அந்தோனிதாசனும் சரிகிறான்.

மெட்டெ என்னைப் பார்த்தாள். பிறகு தன் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்த தாளைப் பார்த்தாள். அவள் முகம் பூவாக விரிந்தது.

"அவர் பாட்டு எழுதியிருக்கிறார்!"

இது எனக்கு முந்தியே தெரிந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் கலியாணம், பிறந்தநாள் எதுவென்றாலும் வீட்டுக்காரர் யாராவது ஒரு பாட்டு எழுதி, மடித்த தாளில் அச்சடித்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். அப்படிப் பாட்டுத்தாள் எத்தனையை நானே மடித்திருப்பேன்! குட்டை வரி, நாலு வரிக்கு ஒரு இடைவெளி. என் பேச்சும் அதே மாதிரித்தான் இருந்தது.

"மெட்டு எது?" என்று மெட்டெ கேட்டாள். எனக்கு வாய் வந்தால்தானே. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஒரு பெரிய உடம்பு மனுசி, "இது அந்த மெட்டுக்கு வரும்" என்று டேனிஷ்காரர் எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒரு பழைய மெட்டில் தொடங்கிவிட்டா. டேனிஷ்காரரில் கார்ஸ்டனுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். தடுக்கப் பாதி எழும்பினான். சுற்றிப் பார்த்தான். திரும்ப இருந்து, எல்லாரிலும் பெரிய குரலில் பாடினான்.

சொல் நீளமாக இருந்தால் ஓடிப் பிடித்தார்கள். குறைந்தால் இழுத்து நிரப்பினார்கள். என் பிரபுவின் பேச்சு டேனிஷில் ஆடி ஆடிப் போனது. முடிய ஒரே கைதட்டல். மெட்டெ மூச்சு வாங்க, "இப்போது தமிழ்ப் பக்கம்!" என்று தாளைத் திருப்பிக் காட்டினாள்.

பழைய சங்கம் புதிய சங்கத்தைப் பார்த்தது. யார் தொடங்குவது? தவராஜா அண்ணை எழும்பினார். நேராகப் போய் மைக்கை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்:

"இரண்டு பக்கத்துப் பெரியோரே வணக்கம்,
நடுவிலே வாழும் சின்ன நாட்டான் நான்.
அரசரில் எனக்கு அன்பு உண்டு,
சபையிலும் எனக்கு அன்பு உண்டு..."

நல்ல மெட்டுத்தான். ஆனால் சுருதியை எங்கேயோ மேலே பிடித்துவிட்டார். இரண்டாவது "அன்பு"க்குக் குரல் பிளந்தது.

வலது பக்கத்தில் கதிரை கிறீச்சென்று இழுபட்டது. அந்தோனிதாசன் எழும்பிவிட்டான். துஷாரா, "மாமா" என்றாள். வாசலும் ஒலிபெருக்கி மேசையும் ஒரே மூலையில் இருந்தன. அவன் அந்த மூலைக்குத்தான் போனான். வாசலுக்குப் போகிறானா, மேசைக்குப் போகிறானா என்று முழு மண்டபமும் கழுத்தைத் திருப்பியது. மேசைக்குத்தான் போனான். சுவிச்சில் கை வைத்தான். மேரிகிறேஸ் "கெட்டுது குடி" என்று என் கையைப் பிடித்தாள்.

அவன் எதிரொலியைக் குறைத்தான். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான். மேசையில் கிடந்த மற்ற மைக்கை எடுத்தான்.

"அண்ணை, ஒரு கட்டை குறைச்சுப் பிடியுங்கோ. மேல போனா ரெண்டு பேருக்கும் எட்டாது."

தவராஜா அண்ணை கண்ணைத் திறந்தார். ஆளைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார்.

"பற்றறி புதுசோ?" என்று மைக்குக்குள்ளேயே கேட்டார்.

"இந்த முறை வயர் அண்ணை. பயப்படாமப் பாடுங்கோ."

இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றாக வெடித்துச் சிரித்தது. என்ன நடந்தது என்று விளங்காத டேனிஷ்காரர்கள் கூடச் சிரித்தார்கள். அந்தோனிதாசன் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன், சுருதியைப் பிடித்துக் கொடுத்தான். தவராஜா அண்ணை வாங்கிக்கொண்டார்.

"ஒருவரை விட்டு மற்றவர் வீட்டில்
உண்ண எனக்குப் பழக்கமில்லை.
கதிரை இரண்டும் பக்கத்தில் போடும்,
காத்து நிற்கிறது பிள்ளைகள் பந்தி."

கடைசி வரியைச் சனமே பிடித்துக்கொண்டது. தவமணி அக்கா மேசையில் தாளம் போட்டா. மேரிகிறேஸ் தானும் தட்டிக்கொண்டு, "உங்கட பேச்சு போச்சு" என்று என் காதுக்குள் சொன்னாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. துஷாராவைப் பார்த்தேன். சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதிரையின் மேல் ஏறி நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தும் இரண்டு பேரும் மைக்கை விடவில்லை.

"இதில வாற அரசர் நான்தான். சவிரி சொன்னவர்" என்றார் தவராஜா அண்ணை.

"அண்ணை, எனக்கும் சொன்னவர். நான்தான் அரசர்."

எல்லாரும் என்னைப் பார்க்க, நான் கோழிக்கறியைப் பார்த்தேன். அந்தோனிதாசன் விடவில்லை. நடு மேசைக்கு வந்து கார்ஸ்டனிடம் டேனிஷில் கேட்டான்: "நீதானே அச்சடித்தாய். அந்த அரசர் எப்படிப்பட்டவர்? பெரிய ஆளோ? கடைசியில் என்ன ஆனார்?"

கார்ஸ்டன் என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாக, மேசைக்குக் கீழே மறைத்துப் பிடித்த மாதிரி, விரலைக் கழுத்தில் வைத்து இழுத்தான்.

அந்தோனிதாசன் தன் கழுத்தை ஒருக்கால் தடவிப் பார்த்தான். திரும்பிப் போய்த் தவராஜா அண்ணையின் தோளில் கையைப் போட்டான். அந்தக் கை அந்தத் தோளில் பட்டு எத்தனை வருசம்!

"சரி அண்ணை. யோசிச்சுப் பார்த்தன். ராசா நீங்கள்தான். நான் சபை. முதல் பேச்சையும் நீங்களே பேசுங்கோ."

தவராஜா அண்ணை அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார். "தம்பி, நீ பெரிய மனுசனடா" என்றார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். பேசத் தொடங்கினார். பேசினார், பேசினார். றோல்ஸ் ஆறியது. தேத்தண்ணி ஆறியது. மெட்டெ இரண்டு தரம் மணியடித்துப் பார்த்தாள். அந்தோனிதாசன் ஒலிபெருக்கி மேசையில் கையைக் கட்டிக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்போடு கடைசி வரைக்கும் இருந்தான். சுவிச்சைத் தொடவில்லை. தவராஜா அண்ணை "அரசனாகிய நான்" என்று சொன்ன ஒவ்வொரு தரமும் கையைத் தட்டினான்.

கார்ஸ்டன் கிளாசைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தான். "அச்சிட்டும் பேசப்படாத பேச்சு," என்றான். "உன்னுடையதும் அந்தச் சாதி."

"ஸ்கோல்" என்று, குடிக்க முன் இங்கே சொல்கிற வாழ்த்தைச் சொல்லி, நானும் கிளாசைத் தூக்கினேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போய்ப் பெட்டி தூக்க முன்னமே தவராஜா அண்ணையின் போன்.

"சவிரி, அந்தப் புத்தகத்தில ஒரு பிரதி எடுப்பியோ? எனக்கு அந்த அரசரைப் பற்றி வாசிக்கவேணும். மனுசன் என்னை மாதிரியே இருந்திருக்கிறான் போல."

அந்தப் புத்தகத்தின் நல்ல பிரதிகள் இன்னும் தட்டில் அடுக்கிக் கிடந்தன. நான் சாப்பாட்டுப் பையைத் திறந்து, கடைசிக் கட்டுத் தாள் இல்லாத என்னுடையதை எடுத்து அவருக்கென்று வெளியே வைத்தேன்.